சுவத்துல கிறுக்கிட்டுப் போறவன் வேற, உள்ள வந்து குடியிருக்கறவன் வேற: ஒரு நாடு இன்னொரு நாட்டோட அரசாங்க நெட்வொர்க்ல நுழையறது எப்படி

"அரசாங்க வெப்சைட்டை ஹேக் பண்ணிட்டாங்களாம்"னு நியூஸ் வந்தா கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வந்துடும். கறுப்பு பேக்ரவுண்ட், நடுவுல ஒரு மண்டை ஓடு, கீழ ஏதோ ஒரு கொடி, "நாங்க வந்துட்டோம்"ங்கிற மாதிரி ஒரு டயலாக். அதைப் பாத்துட்டு நாட்டு ரகசியமெல்லாம் போச்சேன்னு நிறைய பேர் பதறிடறாங்க. ஆனா அது காம்பவுண்ட் சுவத்துல கரியால கிறுக்கிட்டு ஓடறவன் கதைதான். மக்கள் பாக்கற வெப்சைட் பெரும்பாலும் தனியா ஒரு சர்வர்ல ஓடும், அதுல அறிவிப்பு, ஃபார்ம், மந்திரி போட்டோ இதுதான் இருக்கும், அதைக் கெடுத்தா அசிங்கம், ரெண்டு மணி நேரத்துல பேக்கப்பை ஏத்தி சரி பண்ணிடுவாங்க.

இன்னொரு நாட்டோட உளவுத்துறை உள்ள வந்தா மண்டை ஓடெல்லாம் போட மாட்டாங்க. வந்ததே தெரியக் கூடாது, அதுதான் அவங்க வேலையோட அடிப்படையே. இந்த ஒரு வித்தியாசம் மண்டையில ஏறிடுச்சுன்னா மீதி எல்லாம் தானா புரியும், ஏன் பிடிக்க இவ்வளவு நாள் ஆகுது, வெளிய இருந்து வர்றதை வடிகட்டற ஃபயர்வால் வாங்கி வச்சும் ஏன் பத்தல, ஏன் பிடிச்ச கேஸ் எல்லாத்துலயும் யாரோ ஒருத்தர் ஒரு அல்ப விஷயத்தைப் பாத்து "இது என்னடா இடிக்குது"னு நின்னதுதான் காரணமா இருக்கு, எல்லாமே.

முதல்ல அரசாங்க நெட்வொர்க்னா என்னன்னு பாத்துடலாம். ஏதோ ஒரு பெரிய கட்டடத்துல ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி நினைச்சுக்காதீங்க. துறைக்கு ஒரு நெட்வொர்க், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு காலத்துல, ஒவ்வொரு டெண்டர்ல, ஒவ்வொரு கம்பெனி வந்து போட்டுட்டுப் போனது. ஈமெயில் ஒரு பக்கம், வரி ஒரு பக்கம், சம்பளப் பட்டியல் ஒரு பக்கம், தூதரகம், கரண்ட், தண்ணி, சென்ட்ரல் பேங்க்னு போய்க்கிட்டே இருக்கும். 30 வருஷத்துக்கு முன்னாடி எழுதின சாஃப்ட்வேர் இன்னும் ஓடிக்கிட்டிருக்கும், எழுதினவர் ரிட்டையர் ஆயிருப்பார், தொட்டா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது, அதனால தொட மாட்டாங்க. இதுல பாதி இடத்துக்கு வெளி கான்ட்ராக்டர் ஆளுங்களுக்கும் லாகின் இருக்கும். இது பணமில்லாத நாட்டுப் பிரச்சினைனு நினைச்சா தப்பு. அமெரிக்காவோட தணிக்கை அமைப்பான ஜிஏஓ, தன் நாட்டு அரசாங்கத்தோட தகவல் பாதுகாப்பை ஆபத்தான விஷயங்கள் லிஸ்ட்ல 1997-ல சேத்துச்சு, இன்னும் அந்த லிஸ்ட்ல இருந்து எடுக்கல.

அடுத்தது எதிராளி யாரு. ஹூடி போட்ட பையன், இருட்டு ரூம், பச்சை எழுத்து, அதை மறந்துடுங்க. இவங்க மாச சம்பளத்துக்கு ஆஃபீஸ் போற ஆளுங்க, லீவு உண்டு, ஷிஃப்ட் உண்டு, மேலதிகாரி திட்டு உண்டு. 2013-ல மாண்டியன்ட்னு ஒரு செக்யூரிட்டி கம்பெனி சீன ராணுவத்தோட 61398-ங்கிற யூனிட்டைப் பத்தி ரிப்போர்ட் போட்டாங்க. அந்த குரூப் ஒரு நெட்வொர்க்குள்ள நுழைஞ்சா சராசரியா 356 நாள் உள்ளயே இருந்திருக்கு, ஒரு இடத்துல 1,764 நாள், கிட்டத்தட்ட அஞ்சு வருஷம்! சாதாரணத் திருடன் எடுத்தமா ஓடினமான்னு இருப்பான். இவங்களுக்கு ஓட வேண்டிய அவசியமே இல்ல. ஏபிடினு ஒரு வார்த்தை அடிக்கடி கேப்பீங்க, அட்வான்ஸ்டு பெர்சிஸ்டன்ட் த்ரெட்டோட சுருக்கம், அதுல எல்லாரும் அட்வான்ஸ்டுங்கிறதைப் பாத்துதான் பயப்படறாங்க, என்னைக் கேட்டா பயப்பட வேண்டியது நடுவுல இருக்கற பெர்சிஸ்டன்ட், அதாவது விடாப்பிடி. ஒரு தடவை துரத்தினா மறுபடி வருவான், அவனுக்கு அதுதான் உத்தியோகம்.

எதுக்கு வர்றாங்க? பெரும்பாலும் உளவுக்கு, அதாவது மெயிலைப் படிக்க, யாரு யாரோட பேசறாங்க, பேச்சுவார்த்தையில எந்த அளவுக்கு இறங்கி வருவாங்கனு தெரிஞ்சுக்க. சில சமயம் நாசவேலைக்கு. சில சமயம் திருடின மெயிலைப் பொதுவெளியில போட்டு குட்டையைக் குழப்ப. வட கொரியா மாதிரி பொருளாதாரத் தடையில இருக்கற நாட்டுக்கு நேரடியாப் பணத்துக்கே. 2016 பிப்ரவரில பங்களாதேஷ் சென்ட்ரல் பேங்க் சிஸ்டத்துக்குள்ள புகுந்து, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ்ல இருந்த அவங்க அக்கவுன்ட்ல இருந்து 951 மில்லியன் டாலரை மாத்தச் சொல்லி 35 ஆர்டர் அனுப்பினாங்க, வியாழக்கிழமை ராத்திரி பாத்து, ஏன்னா அங்க வெள்ளி லீவு. அதுல ஒரு ஆர்டர் ஸ்ரீலங்கால இருக்கற ஒரு அமைப்புக்கு 20 மில்லியன். பேர்ல ஃபவுண்டேஷன்னு வர வேண்டிய இடத்துல ஃபேண்டேஷன்னு ஸ்பெல்லிங் தப்பு. நடுவுல இருந்த பேங்க் ஒண்ணு இது என்னன்னு திருப்பிக் கேட்டுச்சு, அந்தப் பணம் தப்பிச்சுது. 81 மில்லியன் ஃபிலிப்பைன்ஸ் வழியாப் போயே போச்சு. டாக்காவுல பரிவர்த்தனையை ரெகார்டு பண்ற பிரின்டரை முன்னாடியே படுக்க வச்சுட்டாங்க, மறுநாள் வந்த ஸ்டாஃப் பிரின்டர் வழக்கம் போல மக்கர் பண்ணுதுன்னு நினைச்சாங்களாம். நாம எல்லாரும் அப்படித்தானே நினைச்சிருப்போம், பிரின்டர் வேலை செஞ்சாத்தான் சந்தேகம் வரும்.

சரி, உள்ள எப்படி வர்றாங்க. சினிமாவுல காட்டற மாதிரி பாஸ்வேர்டை எழுத்து எழுத்தா உடைக்கறதெல்லாம் இல்ல, முக்கால்வாசி கதவு நாம திறந்து விடறதுதான். உக்ரைன் கதையைக் கொஞ்சம் விவரமாச் சொல்றேன், நுழையறதுல இருந்து அடிக்கறது வரைக்கும் முழுசா தெரிஞ்ச கேஸ் அது.

2015 ஆரம்பத்துல, அங்க கரண்ட் வினியோகம் பண்ற கம்பெனிகள்ல வேலை பாக்கறவங்களுக்கு மெயில் வருது, கூட ஒரு ஆஃபீஸ் ஃபைல். திறந்தா மேக்ரோவை, அதாவது ஃபைலுக்குள்ளயே ஓடற குட்டி புரோகிராமை, எனேபிள் பண்ணுங்கனு ஒரு பட்டன். அமுக்கிட்டாங்க. பிளாக்எனர்ஜினு ஒரு மால்வேர், அதாவது கெடுதல் பண்ற சாஃப்ட்வேர், உக்காந்துடுச்சு. உடனே ஒண்ணும் ஆகல. மாசக்கணக்கா உள்ள சுத்திப் பாத்தாங்க, யாருக்கு என்ன லாகின், எந்த விபிஎன், அதாவது வெளிய இருந்து உள்ள போற தனி வழி, மூலமா ஆபரேட்டர் கன்ட்ரோல் சிஸ்டத்துக்குப் போறார், எந்த மெஷின் எந்த சப்ஸ்டேஷனை ஆட்டுது. ஆஃபீஸ் நெட்வொர்க்குக்கும் கன்ட்ரோல் நெட்வொர்க்குக்கும் நடுவுல ஃபயர்வால் இருந்துச்சு, நல்ல ஃபயர்வால்தான், ஆனா ஒரிஜினல் ஆள் லாகினையே எடுத்துக்கிட்டு வர்றவனை அது என்ன சொல்லி நிறுத்தும். டிசம்பர் 23 சாயந்திரம், ஷிஃப்ட் முடியற நேரம், ஒரு கன்ட்ரோல் ரூம்ல ஆபரேட்டர் பாக்கறார், ஸ்கிரீன்ல மவுஸ் கர்சர் தானா நகருது. போய் ஒரு பிரேக்கர் மேல நிக்குது, கிளிக், ஆஃப் பண்ணவானு கேக்குது, ஓகே. ஒரு ஏரியா இருட்டு. இவர் மவுஸைப் பிடிச்சு இழுக்கறார், அது கேக்கல. லாக் அவுட் ஆயிடுது, திரும்ப உள்ள போனா பாஸ்வேர்டு மாறியிருக்கு. அவர் பாத்துக்கிட்டே இருக்க ஒண்ணொண்ணா ஆஃப் ஆகுது. மூணு கம்பெனி, கிட்டத்தட்ட 2,25,000 வாடிக்கையாளருக்குக் கரண்ட் இல்ல. கன்ட்ரோல் ரூமுக்கான யூபிஎஸ்ஸையே ஆஃப் பண்ணிட்டதால ஆபரேட்டரும் இருட்டுல, மக்கள் கூப்பிட்டு புகார் சொல்ல முடியாம கால் சென்டருக்கு ஆயிரக்கணக்குல போலி கால் வேற.

சில மணி நேரத்துல கரண்ட் திரும்ப வந்துச்சு. எப்படின்னா ஆளுங்க வண்டி எடுத்துக்கிட்டு ஒவ்வொரு சப்ஸ்டேஷனுக்கும் நேர்ல போய் கையாலயே சுவிட்சைப் போட்டாங்க. சிஸ்டம் பழசா இருந்ததால கையால போட ஒரு சுவிட்ச் இருந்துச்சு, எல்லாத்தையும் ஆட்டோமேஷன் பண்ணி அந்தக் கைப்பிடியையும் கழட்டிட்ட ஊரா இருந்தா இன்னும் நேரம் ஆகியிருக்கும். டிஜிட்டல் மயம் டிஜிட்டல் மயம்னு பேசறப்போ எனக்கு இந்தக் கைப்பிடிதான் ஞாபகம் வரும்.

மெயில் மட்டும் வழி இல்ல. நீங்க நம்பி வாங்கற சாஃப்ட்வேர் வழியாவே வரலாம், அதுக்குப் பேரு சப்ளை செயின் அட்டாக். சோலார்விண்ட்ஸ்னு ஒரு அமெரிக்க கம்பெனி, ஓரியன்னு ஒரு நெட்வொர்க் கண்காணிப்பு சாஃப்ட்வேர் வித்தாங்க. ரஷ்ய உளவுத்துறை எஸ்விஆர் அந்த கம்பெனி சாஃப்ட்வேர் தயாராகிற இடத்துக்குள்ளயே புகுந்து, 2020 மார்ச்சுல இருந்து வெளியான அப்டேட்ல தன் புரோகிராம் கோடை ஒளிச்சு வச்சுச்சு. கம்பெனியோட டிஜிட்டல் கையெழுத்தோட வந்த அப்டேட், யாரு சந்தேகப்படுவாங்க, 18,000 வாடிக்கையாளர் வரைக்கும் இறக்கிக்கிட்டாங்க. அப்டேட் பண்ணுங்க அப்டேட் பண்ணுங்கனு நாமதானே சொல்லிக்கிட்டிருக்கோம், ஒழுங்கா சொல் பேச்சு கேட்டவன்தான் மாட்டினான். இன்ஸ்டால் ஆனதும் அந்தக் கோடு பன்னெண்டு பதினாலு நாள் வரைக்கும் சும்மா தூங்கும், அப்புறம்தான் வெளிய இருக்கற அவங்க சர்வரைத் தொடர்பு கொள்ளும். 18,000 வீட்டுச் சாவி கையில இருந்தும் அவங்க உண்மையில உள்ள போய் உக்காந்தது 9 அமெரிக்க அரசு அமைப்புகள்லயும் சுமார் 100 கம்பெனிலயும்தான். அதிகமா நுழைஞ்சா அதிகமா சத்தம் வரும்ல.

யூஎஸ்பி வழியும் உண்டு, இன்டர்நெட்டோட இணைக்காம தனியா வச்சிருக்கற நெட்வொர்க்கைத் தாண்ட அதுதான் பாலம். இப்படி இணைக்காம தனியா வைக்கறதை ஏர் கேப்னு சொல்வாங்க. ஈரானோட நதான்ஸ்ல யுரேனியம் செறிவூட்டற சென்ட்ரிஃபியூஜ்களை உடைச்ச ஸ்டக்ஸ்நெட்ங்கிற மால்வேர், 2010-ல வெளிய தெரிஞ்சது, யூஎஸ்பி வழியாவும் பரவற மாதிரி செஞ்சதுதான். அமெரிக்காவும் இஸ்ரேலும் சேந்து செஞ்சதுன்னு பரவலா நம்பறாங்க, ரெண்டு பேரும் வாயைத் திறந்து ஒத்துக்கல. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2008-ல, அமெரிக்க ராணுவத்தோட ரகசிய நெட்வொர்க்குக்குள்ளயே ஒரு யூஎஸ்பி வழியா புழு, அதாவது தானா பரவற மால்வேர், போச்சு, சுத்தம் பண்ண கிட்டத்தட்ட 14 மாசம், கொஞ்ச காலம் யூஎஸ்பியையே தடை பண்ணி வச்சாங்க. கூடங்குளத்துல 2019-ல நடந்ததும் இதோட சேத்துப் பாக்கணும். அணுமின் நிலையத்து கன்ட்ரோல் சிஸ்டம் தனி, வெளியே இருந்து தொட முடியாதுன்னு முதல்ல மறுத்தாங்க, மறுநாளே நிலையத்தை நடத்தற என்பிசிஐஎல், நிர்வாக வேலைக்கான நெட்வொர்க்ல ஒரு கம்ப்யூட்டர்ல மால்வேர் இருந்தது உண்மைதான்னு அறிக்கை விட்டாங்க. ரெண்டுமே ஒரு வகையில சரி. ரியாக்டரைத் தொடல. ஆனா ரியாக்டரைத் தொடாம நிர்வாக நெட்வொர்க்ல மட்டும் உக்காந்தாலும் எடுத்துட்டுப் போக நிறைய இருக்கும், யாரு எந்தப் பொறுப்புல இருக்காங்க, யாருகிட்ட என்ன சாமான் வாங்கறாங்கனு. அடுத்த தடவை போலி மெயில் எழுத அது போதும்.

உள்ள வந்த பிறகு என்ன பண்ணுவாங்கங்கிறது இன்னும் முக்கியம். முதல்ல மாட்டறது ஏதோ ஒரு கிளார்க் கம்ப்யூட்டரா இருக்கும், அதுல ஒண்ணும் இருக்காது. அங்க இருந்து பக்கத்து மெஷின், அங்க ஐடி ஆள் எப்பவோ லாகின் பண்ணிட்டுப் போன பாஸ்வேர்டு மெமரில ஒட்டிக்கிட்டிருக்கும், அதை எடுத்து சர்வர், அங்க இருந்து எல்லா சாவியும் இருக்கற மெஷின். இதை லேட்டரல் மூவ்மென்ட்னு சொல்வாங்க, பக்கவாட்டுல நகர்றது. முடிஞ்ச வரைக்கும் தன் டூல் எதையும் கொண்டு வராம, விண்டோஸ்ல ஏற்கனவே இருக்கற டூலையே பயன்படுத்துவாங்க. ஆன்டிவைரஸ் எதைப் பிடிக்கும், அங்க வைரஸே இல்லையே, அட்மின் பண்ற வேலையை அட்மின் பேர்ல யாரோ பண்றாங்க, அவ்வளவுதான். அப்புறம் டேட்டாவைச் சின்னச் சின்னதா, ஆஃபீஸ் நேரத்துல, மத்த டிராஃபிக்கோட கலந்து வெளிய அனுப்புவாங்க.

இப்போ ஓபிஎம் கதை. அமெரிக்க அரசாங்க ஊழியர்களோட எச்ஆர் டிபார்ட்மென்ட் அது. ரகசிய வேலைக்குப் போறவங்க 127 பக்க ஃபார்ம் ஒண்ணு நிரப்பணும், சொந்தக்காரங்க யாரு, எவ்வளவு கடன், எந்த வெளிநாட்டுக்காரரோட பழக்கம், மனநல சிகிச்சை எடுத்தீங்களா, போதைப்பழக்கம் இருந்துச்சானு. ஒருத்தரை மிரட்ட என்னென்ன தேவையோ அவ்வளவையும் அவங்களே கைப்பட எழுதிக் கொடுத்து ஒரே இடத்துல அடுக்கி வச்ச மாதிரி. 2014 மார்ச்சுல ஒருத்தன் உள்ள இருக்கறது தெரிஞ்சுது. உடனே துரத்தல, என்ன பண்றான்னு பாக்கலாம்னு கவனிச்சாங்க, அது தப்பில்ல, அவசரமா துரத்தினா அவன் வச்சிருக்கற மத்த வழி எதுன்னு தெரியாமப் போயிடும். மே கடைசில மொத்தமா கிளீன் பண்ணி வெளியேத்தினாங்க, நிம்மதியா மூச்சு விட்டாங்க. ஆனா மே 7-ஆம் தேதியே இன்னொருத்தன் ஒரு கான்ட்ராக்டரோட லாகின்ல வேற பக்கமா உள்ள வந்துட்டான். இவங்க முதல் ஆளையே வெறிச்சுப் பாத்துக்கிட்டிருந்ததால ரெண்டாவது ஆள் கண்ணுல படல.

அவன் பிடிபட்டது 2015 ஏப்ரல்ல. எப்படி? நெட்வொர்க்ல இருந்து ஓபிஎம்செக்யூரிட்டினு ஒரு முகவரிக்கு டிராஃபிக் போகுது, பேரைப் பாத்தா நம்ம ஆஃபீஸ் சைட் மாதிரியே இருக்கு, ஆனா நம்மது இல்ல. அதை ரிஜிஸ்டர் பண்ணினவர் பேர் ஸ்டீவ் ராஜர்ஸ், கேப்டன் அமெரிக்காவோட பேரு! அங்க தகவல் அனுப்பற ஃபைல் மெக்காஃபி ஆன்டிவைரஸோட ஃபைல் மாதிரி வேஷம் போட்டிருந்துச்சு, நல்ல வேஷம், ஒரே ஒரு சிக்கல், ஓபிஎம்ல மெக்காஃபியே பயன்படுத்தறதில்ல. அதுக்குள்ள 2 கோடியே 15 லட்சம் பேரோட விவரம் போயிடுச்சு, 56 லட்சம் பேரோட கைரேகையும். பாஸ்வேர்டை மாத்தலாம். கைரேகையை எங்க போய் மாத்தறது. அமெரிக்கா சீனாவைக் கைகாட்டுச்சு, சீனா நாங்க இல்லைனு சொல்லிடுச்சு.

அல்ப விஷயம்னு மேல சொன்னேன்ல, பாருங்க, சோலார்விண்ட்ஸும் அப்படித்தான் வெளிய வந்துச்சு. ஃபயர்ஐனு ஒரு செக்யூரிட்டி கம்பெனிலயே ஒரு ஊழியர் அக்கவுன்ட்ல லாகினுக்கு ரெண்டாவதா ஒரு போன் ரிஜிஸ்டர் ஆகியிருந்துச்சு. எத்தனையோ பேர் போன் மாத்தறாங்க, விட்டுடலாம். ஒருத்தர் விடல, அந்த ஊழியரைக் கூப்பிட்டு இது உங்க போனானு கேட்டாங்க, இல்லைன்னார். அந்த ஒரு கால்ல இருந்துதான் நூலைப் பிடிச்சு இழுத்து மொத்தத்தையும் கண்டுபிடிச்சாங்க. 2023-ல சீன குரூப் ஒண்ணு மைக்ரோசாஃப்டோட கையெழுத்துச் சாவியையே எடுத்து போலி டோக்கன், அதாவது உள்ள விடற அனுமதிச் சீட்டு, செஞ்சு அமெரிக்க வெளியுறவுத்துறை மெயிலைப் படிச்சுது, சுமார் 60,000 மெயில். மைக்ரோசாஃப்டுக்கே தெரியல, கண்டுபிடிச்சது வெளியுறவுத்துறை ஆளுங்க, மெயில் பெட்டியை வித்தியாசமா யாராவது திறந்தா மணி அடிக்கிற மாதிரி அவங்களே ஒரு ரூல் எழுதி வச்சிருந்தாங்க. அந்த ரூலுக்கு வேணுங்கற லாக், அதாவது யாரு எப்ப எதைத் திறந்தாங்கங்கிற பதிவு, கூடுதல் காசு கட்டினவங்களுக்கு மட்டும் கிடைக்கிற லாக். காசு கட்டாத மத்த அமைப்பு யாரும் அதைப் பாத்திருக்கவே முடியாது. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, யாரு வந்து போனாங்கனு பாக்கணும்னா தனி கட்டணம்னு சொல்ற மாதிரி இருக்குனு பல பேர் கத்தினாங்க, அப்புறம் அந்த லாக்குகளை எல்லாருக்கும் கொடுக்க மைக்ரோசாஃப்ட் ஒத்துக்கிச்சு.

இதெல்லாம் புதுசும் இல்ல. 1986-ல கலிஃபோர்னியாவுல லாரன்ஸ் பெர்க்லி லேப்ல கிளிஃபர்ட் ஸ்டால்னு ஒருத்தர், படிச்சது வானியல், மானியம் முடிஞ்சதால கம்ப்யூட்டர் பக்கம் தள்ளிட்டாங்க. கம்ப்யூட்டர் நேரத்துக்கு அப்போ கணக்கு எழுதி பில் போடுவாங்க, அந்தக் கணக்குல 75 சென்ட் இடிச்சுது. முக்கால் டாலர். நோண்டினார். யாரோ நுழைஞ்சிருக்கான்னு தெரிஞ்சுது. துரத்தாம அவன் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பிரின்டர் வச்சு பிரின்ட் எடுத்தார், 450 கம்ப்யூட்டருக்குப் பக்கமா முயற்சி பண்ணி 30-க்கு மேல நுழைஞ்சிருக்கான், எல்லாம் ராணுவம், ஆராய்ச்சி நிலையம். போன் லைனை டிரேஸ் பண்ண அவன் நிறைய நேரம் லைன்ல இருக்கணும், அதுக்காக ரகசிய ஏவுகணைத் திட்டம் மாதிரி போலி ஃபைல்களை எழுதிக் குவிச்சு வச்சாங்க, அவன் உக்காந்து படிச்சான். கடைசில மேற்கு ஜெர்மனி ஹனோவர்ல ஆள் கிடைச்சான், எடுத்ததை சோவியத் உளவுத்துறை கேஜிபிக்கு வித்துக்கிட்டிருந்தான். இன்னைக்கு ஹனிபாட், அதாவது திருடனுக்கு வைக்கிற பொறினு சொல்லி கம்பெனிங்க விக்கிற பொருளை அந்த மனுஷன் அப்பவே பேப்பர் கட்டோட பண்ணிட்டார்.

பாதுகாப்புக்கு என்ன பண்றதுன்னு கேட்டா, முதல் பாதி போரடிக்கிற விஷயம்தான், வேகமாச் சொல்லிடறேன். லாகினுக்கு பாஸ்வேர்டோட இன்னொரு சரிபார்ப்பு, அதுவும் எஸ்எம்எஸ் ஓடிபியை விட கையில வச்சுக்கற செக்யூரிட்டி கீ நல்லது. பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கிற அப்டேட், வந்தா போடறது, விண்டோஸ் ஓட்டையை அடைக்கிற பேட்ச் 2017 மார்ச்சுலயே வந்துடுச்சு, மே 12-ல வான்னாக்ரைனு ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்கற மால்வேர் வந்தப்போ போடாதவங்கதான் விழுந்தாங்க, பிரிட்டன் அரசு ஆஸ்பத்திரிகள் உட்பட. அந்த ஓட்டையை முதல்ல கண்டுபிடிச்சு யாருக்கும் சொல்லாம ஆயுதமா வச்சிருந்தது அமெரிக்க உளவு அமைப்பு என்எஸ்ஏ, அது லீக் ஆகி வட கொரியா கைக்குப் போச்சு, அது தனி சோகம். தேவைக்கு மேல யாருக்கும் அனுமதி தராம இருக்கறது. நெட்வொர்க்கைத் தடுப்பு தடுப்பா பிரிக்கறது, கப்பல்ல அறை அறையா இருக்கும் பாருங்க, ஒண்ணுல தண்ணி ஏறினா மத்தது மூழ்காம, அப்படி.

ரெண்டாவது பாதிதான் அரசாங்கங்களுக்குக் கஷ்டம். எதிராளி ஏற்கனவே உள்ள இருக்கான்னு வச்சுக்கிட்டு வேலை செய்யறது. ஜீரோ ட்ரஸ்ட்னு இப்போ எல்லா டெண்டர்லயும் வர்ற வார்த்தை இதுதான், ஆஃபீஸ் நெட்வொர்க்குக்குள்ள இருக்கறதால மட்டும் எந்த மெஷினையும் நம்பாதே, ஒவ்வொரு தடவையும் யாரு நீ, எந்த மெஷின், இந்த ஃபைல் உனக்கு எதுக்குன்னு கேளு. சோலார்விண்ட்ஸுக்கு அப்புறம் 2021 மே மாசம் அமெரிக்க ஜனாதிபதி உத்தரவாவே வந்துச்சு. விக்கறவங்க இதை ஒரு பெட்டி மாதிரி விக்கறாங்க, வாங்கி மாட்டினா முடிஞ்சுதுன்னு, அது பெட்டி இல்ல, தினப்படி பழக்கம். லாகை எடுத்து வைக்கணும், அதைப் பாக்க ஆள் வேணும், அந்த ஆளுக்கு "இது இடிக்குது"னு சொல்ல தைரியம் இருக்கணும், சொன்னா மேல இருக்கறவர் "சும்மா இரு, டைரக்டர் மீட்டிங்ல இருக்கார்"னு சொல்லாம இருக்கணும். நான் பாத்த ஒரு ஆஃபீஸ்ல லாக் எல்லாம் ஒழுங்கா சேந்துக்கிட்டுதான் இருந்துச்சு, டிஸ்க் நிரம்பினதும் தானா அழிஞ்சுக்கிட்டும் இருந்துச்சு, நடுவுல ஒரு மனுஷக் கண்ணு அதுல பட்டதே இல்ல.

பிடிச்சாச்சு, யாரு பண்ணதுன்னு எப்படிச் சொல்றாங்க? ஐபி முகவரி வச்சு சொல்ல முடியாது, அது எங்க வேணா காட்டும். கோடு எழுதற விதம், பழைய தாக்குதல்ல வந்த அதே சர்வர், எந்த டைம்ஜோன் ஆஃபீஸ் நேரத்துல வேலை நடக்குது, எந்த நாட்டு பண்டிகைக்கு லீவு விடறாங்கனு பல துணுக்கை ஒட்டி வச்சுப் பாப்பாங்க. அதையும் ஏமாத்தலாம், 2018 தென் கொரியா குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவுல சிஸ்டத்தை முடக்கின மால்வேர்ல வட கொரியா கைவரிசை மாதிரி தடயத்தைத் திணிச்சு வச்சிருந்தாங்க, பின்னாடி ரஷ்ய ராணுவ உளவு ஆளுங்க மேல அமெரிக்கா கேஸ் போட்டுச்சு. கண்டுபிடிச்சும் பெரும்பாலும் ஒரு கண்டன அறிக்கையோட முடிஞ்சிடும். அல்பேனியா மட்டும் 2022-ல அரசாங்க சேவை எல்லாத்தையும் முடக்கின தாக்குதலுக்கு ஈரானோட தூதரக உறவையே முறிச்சு, 24 மணி நேரத்துல கிளம்புங்கனு சொல்லிடுச்சு. அங்க தாக்கினவங்க சத்தமில்லாம நுழைஞ்சது அதுக்கு 14 மாசம் முன்னாடி.

ஏன் கண்டனத்தோட முடியுதுன்னா எல்லாரும்தான் பண்றாங்க. சுவிட்சர்லாந்துல கிரிப்டோ ஏஜினு ஒரு கம்பெனி பல நாட்டு அரசாங்கங்களுக்கு ரகசியச் செய்தி அனுப்பற மெஷின் வித்துச்சு, அதை 1970-ல இருந்து அமெரிக்க சிஐஏவும் மேற்கு ஜெர்மனி உளவுத்துறையும் ரகசியமா சொந்தமாக்கி வச்சிருந்தது 2020-ல வெளிய வந்துச்சு. பூட்டு விக்கறவனே சாவியை வச்சிருந்தான். ஓபிஎம் திருட்டு வெளிய வந்தப்போ அமெரிக்க உளவுத்துறைத் தலைவரா இருந்த ஜேம்ஸ் கிளாப்பர் பொது மேடையிலயே, அந்த வாய்ப்பு எங்களுக்குக் கிடைச்சிருந்தா நாங்களும் தயங்கியிருக்க மாட்டோம்ங்கிற அர்த்தத்துல பேசினார். இதுல நல்லவன் கெட்டவன் தேடினா தலை சுத்தும்.

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. வோல்ட் டைஃபூன்னு ஒரு குரூப், சீன அரசு சார்ந்ததுன்னு அமெரிக்கா சொல்லுது, சீனா மறுக்குது, அமெரிக்க கரண்ட், தண்ணி, போக்குவரத்து நெட்வொர்க்குகள்ல புகுந்து, சில இடத்துல அஞ்சு வருஷத்துக்குக் குறையாம சத்தம் காட்டாம உக்காந்திருக்கு. திருடறது நோக்கம் இல்ல, நாளைக்கு ஒரு சண்டை வந்தா அணைக்கறதுக்கு சுவிட்ச் மேல விரலை வச்சுக்கிட்டுக் காத்திருக்காங்கனு கணக்கு. அவங்க வெளிநாட்டு ஐபில இருந்து வந்தா சந்தேகம் வரும்ல, அதனால அந்த நாட்டுக்குள்ளயே வீட்டுலயும் சின்ன ஆஃபீஸ்லயும் இருக்கற பழைய வைஃபை ரவுட்டர்களைப் பிடிச்சு அது வழியா போனாங்க. அலமாரி மேல தூசி பிடிச்சுக் கிடக்குமே, கம்பெனியே அப்டேட்டை நிறுத்தி வருஷக்கணக்கா ஆன மாடல், அதுதான். ரவுட்டருக்குச் சொந்தக்காரருக்கு நெட் வழக்கம் போல ஓடும், ஒண்ணும் தெரியாது. 2023 டிசம்பர்ல எஃப்பிஐ கோர்ட் உத்தரவு வாங்கி நூத்துக்கணக்கான ரவுட்டருக்குள்ள தானே நுழைஞ்சு அந்த மால்வேரை அழிச்சு, திரும்ப தொத்திக்காம இருக்க ஒரு தடுப்பும் போட்டுட்டு வந்துச்சு. அந்தத் தடுப்பு ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா போயிடும்.